வெள்ளத்தில் நின்ற கார்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

தண்ணீர் வடிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, சாவியைப் போட்டு “ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்” என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிறுத்தியிருந்த காரின் இன்ஜின் ஓடவில்லை. அதனால் அது தண்ணீரை உறிஞ்சியிருக்காது. வெள்ளம் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு ஏறி உள்ளே வழிந்திருந்தாலும், அந்தத் தண்ணீர் சிலிண்டரில் சும்மா கிடக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளியேற்றிவிடலாம். ஒரே ஒரு முறை செல்ஃப் அடித்தால் போதும்: பிஸ்டன் மேலேறும்போது அந்தத் தண்ணீர் இடையில் மாட்டிக்கொள்ளும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. பிஸ்டனைத் தள்ளும் கம்பியான கனெக்டிங் ராடுதான் வளையும். ஆயில் மாற்றிச் சுத்தம் செய்வதோடு முடிய வேண்டியது, இன்ஜினை இறக்கிப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் ஏறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் பள்ளிக்கரணைக் குடியிருப்புகளிலிருந்து கார்கள் மிதந்து வெளியே வந்தபோதும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றபோதும், தண்ணீரில் மாட்டியவற்றில் பல நிறுத்தியிருந்த வண்டிகள். அப்படி நின்ற வண்டிகளுக்கான வழிமுறைதான் இது. தண்ணீருக்குள் ஓட்டி நின்றுபோன காரின் கதை வேறு; அதில் இன்ஜின் ஏற்கெனவே அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கையை வைக்கும் முன்

மின்சாரக் கார், ஹைபிரிட் கார் என்றால் நேராகக் கீழே அதற்கான பகுதிக்குப் போங்கள். மற்றவர்கள்: நகர வெள்ளம் என்றால் சாக்கடையும் கலந்த தண்ணீர். ரப்பர் கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். காலில் ஒரு கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் வரலாம். பார்க்கிங் தளத்தில் இன்னும் தண்ணீர் நின்றால், கட்டடத்தின் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டதை உறுதி செய்யாமல் காலை வைக்க வேண்டாம்.

எதையும் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். நான்கு பக்கமும், நம்பர் பிளேட் தெரியும்படியும், கதவில் சேறு படிந்த கோடு தெரியும்படியும், சீட், டேஷ்போர்டு, பானெட்டுக்குள்ளும். இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்பது அந்தச் சேற்றுக் கோட்டைத்தான்.

பிறகு பேட்டரி. 10 மி.மீ. ஸ்பேனர் போதும். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள்; பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டதுமே தீப்பொறி பறக்கும். பேட்டரியைக் கழற்றுவது ஷார்ட் சர்க்யூட்டைத் தடுக்க மட்டுமல்ல. ஈரமான கனெக்டருக்குள் 12 வோல்ட் நின்றுகொண்டே இருந்தால் செம்புப் பின் கரைந்து பச்சை பூக்கும். மின்சாரம் இல்லாத ஈரம் பல நாளில் செய்யும் அரிப்பை, மின்சாரம் உள்ள ஈரம் ஓரிரு நாளில் செய்துவிடும். கதவைத் திறக்க ரிமோட்டை அழுத்தாதீர்கள். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி டிரைவர் கதவைத் திறக்கலாம்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் அண்டக் கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஏன் என்பது சக்கரப் பகுதியில் வரும்.

தண்ணீர் எதுவரை ஏறியது?

கதவின் அடிவிளிம்புக்குக் கீழே நின்றிருந்தால் சேதம் பிரேக், பேரிங், சைலன்சரோடு முடிந்துபோகும். விளிம்பைத் தாண்டி சீட் அடிவரை என்றால் தரைவிரிப்பு, சீட்டுக்கு அடியில் ஓடும் வயரிங், கியர்பாக்ஸ், செல்ஃப் மோட்டார் எல்லாம் நனைந்திருக்கும். ஏர் ஃபில்டர் பல கார்களில் அதற்கு மேலே இருப்பதால் இன்ஜின் உள்புறம் தப்பியிருக்கலாம். டேஷ்போர்டைத் தொட்டிருந்தால் வீட்டில் கை வைக்கவே வேண்டாம். நெகட்டிவைக் கழற்றிவிட்டு இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பேஸ்மென்ட் சரிவில் மூக்கு கீழே இருக்கும்படி நின்ற கார் என்றால், கதவில் தெரியும் கோட்டை நம்பக் கூடாது. முன்பக்கம் அதைவிட ஓர் அடி ஆழத்தில் இருந்திருக்கும். முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் மீது படிந்த சேற்றைப் பாருங்கள்.

அறிகுறி: கார் நிறுத்திய இடத்தில் இல்லை

மிதந்திருக்கிறது. 900 கிலோ எடையுள்ள சின்ன காரின் அடிப்பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் சுமார் 60 கிலோவைத் தூக்கும். 15 செ.மீ. ஏறினால் முழு எடையும் போய்விட்டது. தரைக்கும் அடித்தளத்துக்கும் உள்ள 17 செ.மீ. இடைவெளியைச் சேர்த்தால், முழங்காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீரிலேயே கார் சக்கரத்தை விட்டு எழும்புகிறது. நேரம் போகப் போக உள்ளே தண்ணீர் புகுந்து மறுபடி உட்காரும். எதன் மேல் உட்கார்ந்தது என்பதுதான் பிரச்சினை.

அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஆயில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நசுங்கியிருக்கிறதா, பிரேக் பைப், பெட்ரோல் பைப் மடங்கியிருக்கிறதா, லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறதா. சம்ப் உள்வாங்கியிருந்தால் ஆயில் உறிஞ்சும் குழாய் அடைபட்டு, ஸ்டார்ட் ஆன சில நிமிடங்களில் பேரிங் போய்விடும். இந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டாம், ஃப்ளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள்.

அறிகுறி: டிப்ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்தில், அல்லது மேல் கோட்டைத் தாண்டி இருக்கிறது

பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் கலந்து, இன்ஜினும் சுற்றப்பட்டிருக்கிறது. ஓடாத இன்ஜினில் அந்த நிறம் வராது என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள்: தண்ணீர் கனமானது, சம்ப் அடியில் தங்கும், மேலே மிதக்கும் ஆயில் டிப்ஸ்டிக்கில் சுத்தமாகவே தெரியும். அதனால் நிறத்தைவிட மட்டத்தைப் பாருங்கள். வழக்கத்துக்கு மேல் ஏறியிருந்தால் அது தண்ணீர்தான்.

உறுதி செய்ய, சம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும், கறுப்பு ஆயில் பின்னால் வரும். எல்லாவற்றையும் வடித்து, புது ஃபில்டர், புது ஆயில் போடுங்கள். சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். இந்த முதல் ஆயில் கழுவுவதற்கு மட்டும், விலை மலிவானதே போதும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் 10 நிமிடம் ஐடிலில் விட்டு, சூடாக இருக்கும்போதே வடித்து, நல்ல ஆயிலும் இன்னொரு ஃபில்டரும் போடுங்கள். 500 கி.மீ.யில் மறுபடி ஒருமுறை. ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றுவது வீண்வேலை; ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீர் புது ஆயிலோடு கலந்துவிடும்.

அறிகுறி: ஏர் ஃபில்டர் ஈரமாக இருக்கிறது

ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை விலக்கித் திறந்து பாருங்கள். தாள் காய்ந்திருந்து, பெட்டியின் அடியிலும் சேறு இல்லையென்றால், காற்று போகும் வழியாகத் தண்ணீர் நுழையவில்லை. ஈரம் இருந்தால், ஃபில்டருக்கு அப்பால் த்ராட்டில் வரை போகும் குழாயையும் கழற்றி விரலால் துடைத்துப் பாருங்கள். அங்கும் மண் ஒட்டினால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் செய்வது இப்படி. ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள். பிளக்குகளின் மேலுள்ள காயில்களை 10 மி.மீ. போல்ட் கழற்றி உருவுங்கள். இப்போது பிளக்கின் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் தண்ணீர் தேங்கியிருக்கும். அப்படியே பிளக்கைக் கழற்றினால் குழியில் நிற்பது சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பழைய காட்டன் துணியைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுங்கள், அல்லது சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சுங்கள். குழி காய்ந்த பிறகே 16 அல்லது 14 மி.மீ. பிளக் சாக்கெட்டை இறக்குங்கள்.

எல்லாப் பிளக்கும் வெளியே வந்ததும், ஒரு பக்க முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே உள்ள பிளாஸ்டிக் மறைப்பை விலக்கினால் கிராங்க் புல்லி தெரியும். ராட்செட் போட்டு, புல்லியை நேரே பார்த்தபடி வலஞ்சுழியாகக் கையால் சுற்றுங்கள். பெரும்பாலான இன்ஜின்களுக்கு அதுதான் ஓடும் திசை. இரண்டு முழுச் சுற்று சுற்றினால் எல்லாச் சிலிண்டரும் எல்லா ஸ்ட்ரோக்கையும் முடித்துவிடும். பிளக் துளைகள் மேல் துணி போட்டு வையுங்கள். துளை வழியே சேறு கலந்த தண்ணீர் முகத்தில் அடிக்கும் வேகத்தில் வரும். எங்காவது இறுகி நின்றால் பலம் போட வேண்டாம், அங்கேயே விட்டுவிடுங்கள். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய இடம்.

தண்ணீர் நின்றதும் ஒவ்வொரு துளையிலும் 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, மறுபடி இரண்டு சுற்று. இந்த ஆயிலைத் தவிர்த்தால், ஈரமான சிலிண்டர் சுவர் ஓரிரு நாளில் துருப்பிடித்து ரிங்கைப் பிடித்துக்கொள்ளும். பட்டறையில் இடம் கிடைக்க இரண்டு வாரம் ஆகும் என்றாலும், இந்த ஒரு வேலையை மட்டும் உடனே செய்துவைத்தால் இன்ஜின் காத்திருக்கும்.

டீசல் காரில் ஸ்பார்க் பிளக் இல்லை. குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டும், டர்போவும் இன்டர்கூலர் குழாய்களும் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். டீசலின் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் பெட்ரோல் இன்ஜின் தாங்கும் அளவு தண்ணீரே டீசலின் ராடை வளைத்துவிடும். வீட்டில் முயலாமல் பட்டறைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: ஏற்கெனவே செல்ஃப் அடித்தாயிற்று

“டக்” என்று ஒரே சத்தம், அதோடு நின்றது: பேட்டரி டவுன் என்று நினைத்து ஜம்பர் கேபிள் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சிலிண்டரில் தண்ணீர் நின்று பிஸ்டனைத் தடுத்தாலும் இதே சத்தம்தான் வரும். செல்ஃப் மோட்டாரின் பலத்தில் மட்டும் நின்றிருந்தால் பல சமயம் ராடு தப்பியிருக்கும். மேலே சொன்னபடி பிளக்கைக் கழற்றிச் சுற்றிப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகி, “டக் டக்” என்று உலோகம் தட்டுகிறது: உடனே அணையுங்கள். ராடு வளைந்தால் அதன் நீளம் குறையும். பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க்கில் இடிக்கிறது. ஓடவிட்டால் ராடு ஒடிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைத்துக் காட்டினால் சந்தேகம் உறுதி.

சத்தமும் இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது: நல்லதுதான். ஆனாலும் கம்ப்ரஷன் பாருங்கள். கொஞ்சமாக வளைந்த ராடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு நெடுஞ்சாலையில் ஒடியும்.

இன்சூரன்ஸ் விஷயமும் இங்கேதான் வருகிறது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. சொந்தச் சேதத்தையும் சேர்த்த பாலிசியில் வெள்ளம் அடங்கும். ஆனால் தொடர் விளைவாக வரும் சேதம் அடங்காது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால் அது தொடர் விளைவு என்று சொல்லி மறுக்கப்படும். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் வாங்கியிருந்தால்தான் அதற்கு இடமுண்டு. பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் ஐடிவி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை கழற்றிய ஃபில்டர், வடித்த ஆயில் எதையும் எறிய வேண்டாம்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, இருமுகிறது, நிற்கிறது

டேங்கில் தண்ணீர். மூடி இறுக்கமாக இருந்தாலும் காற்றுப் போகும் குழாய் வழியாக இறங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், பம்ப் உறிஞ்சுவதும் டேங்கின் அடியிலிருந்துதான். ஃப்யூவல் லைனில் அரை லிட்டர் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு கோடு விழுந்து இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்தாக வேண்டும். இப்போதைய இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிடும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று பார்க்காதீர்கள். டீசல் என்றால் ஃபில்டர் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, தண்ணீர் நின்று டீசல் வரும்வரை விடுங்கள்.

முதல் சில நிமிடம் வெள்ளைப் புகையும், சைலன்சரிலிருந்து தண்ணீர் கொட்டுவதும் இயல்பு. கால் மணி நேரம் கழித்தும் புகை அடங்காவிட்டால் பட்டறையில் காட்டுங்கள்.

அறிகுறி: சக்கரம் சுழலவில்லை, கிளட்ச் விடவில்லை

ஹேண்ட் பிரேக் போட்டபடியே நனைந்த பின்சக்கர டிரம்மில், லைனிங் துருவோடு சேர்ந்து டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். வண்டியை வேகமாக இழுத்து விடுவிக்கப் பார்த்தால் லைனிங் தகடு பிய்ந்துவரும். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் ஓரத்தைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். விட்டதும் டிரம்மைக் கழற்றி உள்ளே தேங்கிய வண்டலைக் கழுவிக் காயவையுங்கள். டிஸ்க்கில் தெரியும் செந்துரு முதல் சில பிரேக்கிலேயே போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கிளட்ச் பிளேட்டும் இதேபோல ஃப்ளைவீலில் ஒட்டும்: பெடலை முழுதாக மிதித்தாலும் கியர் விழாது. கியரில் போட்டு செல்ஃப் அடித்துக் குதிக்க வைப்பது பழைய பழக்கம். ஈரமான கிளட்ச்சில் அது பிளேட்டைக் கிழிக்கும். கியர்பாக்ஸை இறக்குவதே சரியான வழி.

கியர் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். வீட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்திய கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்திருந்தால், சூடான கியர்பாக்ஸ் திடீரெனக் குளிர்ந்து, மேலுள்ள மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும். சாம்பல் நிறத்தில் பாலாகத் திரிந்திருந்தால் மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் சிவப்பு ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறியிருக்கும். உள்ளே உள்ள உராய்வுத் தகடுகளின் பசை தண்ணீரில் விட்டுப்போகும் என்பதால் ஓட்டிப் பார்க்கவே கூடாது. ஆட்டோமேட்டிக், சிவிடி கார்களை முன்சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுப்பதும் கியர்பாக்ஸைக் கெடுக்கும்.

அறிகுறி: ஹாரன் தானாக அடிக்கிறது, வைப்பர் ஓடுகிறது, ஏர்பேக் விளக்கு எரிகிறது

ஃப்யூஸ் பாக்ஸிலோ, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கன்ட்ரோல் யூனிட்டிலோ ஈரம். பேட்டரியை மறுபடி கழற்றுங்கள். ரிலே, ஃப்யூஸ்களைப் படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவி, கான்டாக்ட் கிளீனர் அடித்து நிழலில் காயவையுங்கள். ஹேர் டிரையர் என்றால் குளிர்க்காற்றில் மட்டும். ஹீட் கன் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். சேறு புகுந்த கனெக்டரை முதலில் நல்ல தண்ணீரிலும் பிறகு கிளீனரிலும் கழுவ வேண்டும், சேற்றோடு காய்ந்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும்.

முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் கையை எடுங்கள். அது ஏர்பேக், சீட் பெல்ட்டுக்குப் போவது. மல்டிமீட்டர் முனை வைத்துப் பார்த்தாலே வெடிக்கக்கூடும்.

அறிகுறி: கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிகிறது, வாடை போகவில்லை

தரைவிரிப்பு மேலே காய்ந்திருக்கும். அழுத்திப் பாருங்கள், விரல் நுனியில் ஈரம் கசியும். அடியில் உள்ள தடித்த ஃபோம் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயிலில் கதவைத் திறந்து வைத்தால் அது காயாது. பேட்டரியைக் கழற்றிப் 10 நிமிடம் பொறுத்து, சீட் போல்ட்டுகளைக் கழற்றி, விரிப்பை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். தரைத் தகட்டில் வட்டமான ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். அவற்றை எடுத்தால் தேங்கிய தண்ணீர் இறங்கிவிடும். டிக்கியில் ஸ்டெப்னி குழியையும் பாருங்கள். ஃபோம் சாக்கடைத் தண்ணீரில் ஊறியிருந்தால் புதிதாக மாற்றுவதே நல்லது; வாசனைத் திரவியம் எதுவும் அதை மாற்றாது. ஏசி ஃபில்டரையும் மாற்றுங்கள்.

மின்சாரக் கார், ஹைபிரிட்

ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடாதீர்கள், சார்ஜரில் மாட்டாதீர்கள். பேட்டரிக்கு ஐபி67 தரம் என்று எழுதியிருப்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்ற அளவுதான்; ராத்திரி முழுக்க மூழ்கிய காருக்கு அது உத்தரவாதம் இல்லை. சீறும் சத்தம், இனிப்பான ரசாயன வாடை, புகை இவற்றில் எது வந்தாலும் விலகி நின்று 101 அல்லது 112ஐ அழையுங்கள். உள்ளே புகுந்த தண்ணீர் உடனேதான் தீ வைக்கும் என்பதில்லை. 2022இல் ஃபுளோரிடாவில் இயான் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். நிறுவனத்தின் ஆள் வந்து பார்க்கும்வரை காரைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள்.

வாரங்கள் கழித்து வரும் அறிகுறிகள்

வேகம் கூடக் கூட விமானம் போல “ஊ…” என்று ஒரு முனகல்: வீல் பேரிங்கின் கிரீஸைத் தண்ணீர் கழுவிவிட்டது. ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு பக்கம் சாய்க்கும்போது சத்தம் கூடினால், பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கப் பேரிங்.

பவர் விண்டோ ஒரு நாள் வேலை செய்து ஒரு நாள் மறுப்பது, காரணமில்லாமல் ஏதாவது ஒரு எச்சரிக்கை விளக்கு வந்து போவது: எங்கோ ஒரு கனெக்டரில் பச்சை பூக்கிறது. பாகத்தை மாற்றும் முன் அதற்குப் போகும் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள்.

பிரேக் ஃப்ளூயிட் டப்பா மூழ்கியிருந்தால், பெடல் நன்றாக இருந்தாலும் முழுவதையும் மாற்றிவிடுங்கள். ஈரம் கலந்த ஃப்ளூயிட் சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் காட்டாது. ஏற்காடோ ஏலகிரியோ இறங்கும்போது, பிரேக் சூடேறி அந்த ஈரம் ஆவியானதும் பெடல் தரையைத் தொடும்.